ஜன்னல் மட்டம்

ஒரு வீட்டின் மதிப்பை அறிய வாசலில் நின்று பார்த்தால் போதாது. கொல்லைப்புறம் போய், பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் அரங்கநாதன். வீட்டின் மேல் கடன் கொடுக்கும் சங்கம் ஒன்றுக்கு இருபத்திரண்டு வருடமாக மதிப்பீட்டாளர். செஞ்சியில் நான் அளக்காத வீடு குறைவு. மனையை அளப்பேன். அதே தெருவில் கடைசியாக விற்ற வீடு என்ன விலைக்குப் போனது என்று பத்திர ஆபீசில் பார்ப்பேன். கூரையில் இருப்பது தேக்கா, பனையா என்று பார்த்து, கட்டடத்தின் வயதுக்குக் கழிப்பேன். யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியதில்லை.

ஏரிக்கரை வீடுகளில்தான் சிக்கல். கோட்டை பார்க்க வருகிறவர்கள் காற்று வாங்க அங்கே தங்கத் தொடங்கியதும், ஆளாளுக்கு விலையை ஏற்றிச் சொன்னார்கள். விவசாயி பால்சாமியும் அப்படித்தான். தண்ணீரை ஒட்டி வீடு. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை. கூடுதலாக இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடக் கடன் கேட்டார். சுண்ணாம்பு பூசிய மண்சுவர். கை வைத்தேன், ஈரம். ‘பெருமழையில் ஜன்னல் மட்டம் வரை தண்ணீர் ஏறும், சுவர் இரண்டு நாள் தாங்காது’ என்று எழுதி, மதிப்பைப் பாதியாகக் குறைத்தேன்.

அவர் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். அதுகூடப் பரவாயில்லை. பஜார் டீக்கடையில் என் எதிரிலேயே, “எங்க நைனா காலத்துலருந்து ஏரி எங்க வாசப்படியத் தாண்டல. சார் ஒரே பேனாவுல ஜன்னல் வரைக்கும் ஏத்திட்டாரு” என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அதன்பிறகு தூறல் விழுந்தாலே, “சார், ஜன்னலச் சாத்தட்டுமா?” என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. சோறு இறங்கவில்லை.

அறுபத்தாறாம் வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. என் மதிப்பீட்டைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போய்க்கொண்டிருந்தது. அப்படிப் போனால் ஜன்னலுக்கு எங்கே வரும்? செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் குடையோடு போய், கலங்கல் கற்களுக்கு இடையே பலகை சொருகிக் களிமண் அடைத்தேன். கீழ்வயல்காரர்கள் இரண்டு பேர் என்னவென்று கேட்டார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். சந்தோஷமாக அவர்களும் மண் வெட்டிப் போட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் பால்சாமி நனைந்துகொண்டே என் வீட்டுக்கு வந்தார். பழைய கேலி முகத்தில் இல்லை.

“சார், நேத்துலருந்து தண்ணி உள்ள நிக்குது. எம்பொண்ணு மரியசெல்வி புள்ள பெத்துப் பன்னெண்டு நாள்தான் ஆவுது. கட்டிலச் செங்கல்லு மேல ஏத்திப் படுக்க வச்சிருக்கேன். செவுரு தாங்குமா? இல்ல, மாதா கோயிலாண்ட கூட்டிட்டுப் போயிடட்டுமா?”

நான் யோசித்தேன். வீட்டைக் காலி செய்தால் ஊர் கூடும். ஊர் கூடினால் யாராவது கலங்கலைப் போய்ப் பார்ப்பார்கள். பலகையைப் பிடுங்கிவிட்டால், அதிகாரி வருவதற்குள் தண்ணீர் இறங்கிவிடும்.

“நல்ல செவுருதான். தாங்கும், போங்க” என்றேன்.

“நீங்க சொன்னா சரி சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பின்சுவர் சரிந்தது. தாயும் குழந்தையும் அதன் அடியில் போய்விட்டார்கள். குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லையாம். எனக்கும் வருத்தம்தான், நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி சொன்னபடி வந்தார். இடியாமல் நின்ற முன்சுவரில், தண்ணீர் ஏறியிருந்த மட்டத்துக்கு டேப் பிடித்தோம். பால்சாமி சேற்றில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு நாலு விரற்கடை கீழே நின்றிருந்தது. மறைக்காமல் அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இருபத்திரண்டு வருடத்தில் நான் பிசகியது அந்த நாலு விரற்கடைதான்.