வாரேன் என்று சொன்ன சவரிராயன்

மேடையில் வீற்றிருக்கும் பங்குச்சாமி அவர்களே, ரிக் வண்டி ஓட்டுநர் சங்கத் தலைவர் செங்கோடன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், அண்ணன் சவரிராயனின் மனைவி இன்னாசிமேரி அக்கா அவர்களே, சேலத்திலிருந்தும் பள்ளிபாளையத்திலிருந்தும் வந்திருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் கார் பந்தயக் குழுத் தோழர்களே, வணக்கம். நான் கதிர்வேல், அந்தக் குழுவின் செயலாளர். எனக்கு மேடைப் பேச்சு வராது, கோபந்தான் நல்லா வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அண்ணனைப் பற்றி ஒருவர் சொன்னார்: "வயசான காலத்துல கேம் ஆடிச் செத்தானாம்." யாரைப் பார்த்து ஐயா இந்தப் பேச்சு? போர்வெல் லாரியை மகாராஷ்டிரம் வரை ஓட்டி, முதுகுத் தண்டு தேய்ந்து, "இனி கனரக வண்டியைத் தொடக் கூடாது" என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஸ்டீயரிங்கை விடமுடியாத மனிதரைப் பார்த்தா?

போர்வெல் லாரிக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் போய் "ரிக் வாங்கப் போறேன்" என்றால் யாருக்கு என்ன தோன்றும்? அண்ணன் அப்படிச் சொன்னதும், கடன்பட்டு போர்வெல் லாரி வாங்கப்போகிறார் என்று அக்கா நகையை ஒளித்து வைத்துவிட்டார். வந்து இறங்கியதோ ஓர் இரும்புச் சட்டம், ஒரு சீட்டு, ஸ்டீயரிங், மூன்று பெடல். கம்ப்யூட்டர் பந்தயத்தில் அதற்குப் பெயரும் ரிக்குதான். "ஏனுங்க, இதுல எத்தன அடி போர் போடுவீங்க?" என்று அக்கா கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதில் அவர் எடுத்த கார், கூரையில்லாத, கதவில்லாத, ஓர் எருமை எடைகூட வராத பந்தய கார். வாழ்நாளெல்லாம் கனத்தோடு மல்லுக்கட்டியவருக்கு அந்த லேசு பிடித்துப்போனது. வளைவில் நாங்கள் சுழன்று புல்லில் கிடப்போம். "பிரேக்க மிதிச்ச கால ஒரேடியா எடுத்துராத சாமி. கொஞ்சங் கொஞ்சமா உடு, மூக்கு தானாத் திரும்பும்" என்பார். முந்த வருபவனுக்கு வழி விடாதவனை அன்று முழுக்க வைவார். முந்தும்போது என்ன சொல்வது என்று நாங்கள் குழம்பியபோது, ஹெட்செட்டில் "வாரேன்" என்று சொன்னால் போதும் என்று விதி வைத்தவரும் அவரே.

அக்கா, இந்த ஒரு வாரமாக நீங்கள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். கடைசியாக அவர் என்ன சொன்னார், உதவிக்குக் கூப்பிட்டாரா என்று. நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம். இந்தச் சபையில் வைத்துச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை. நீங்கள் பூசைக்குப் போயிருந்தீர்கள். எப்போதும்போல் அவரவர் வீட்டிலிருந்தே ஓட்டினோம். பந்தயத்தில் நாங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தோம், அண்ணன் பின்னால் வந்தார். ஹெட்செட்டில் அவர் குரல் கேட்டது. "வாரேன்." அவ்வளவுதான். எங்கள் குழுவின் பள்ளிபாளையத்துப் பொண்ணு நிலா, "வாங்கண்ணா, எடம் உட்டாச்சு" என்றது. எல்லாரும் இடதுபக்கம் ஒதுங்கினோம். அவர் வரவில்லை. அவருடைய கார் மெதுவாகப் புல்லில் இறங்கி நின்றது. "அண்ணனுக்கு நெட்டு போயிருச்சு" என்று ஆண்ட்ரூஸ் கேலி செய்தான், நாங்கள் சிரித்தோம். பந்தயத்தை ஓட்டி முடித்தோம். கோவிலிலிருந்து வந்து நீங்கள்தான் அவரை அந்தச் சீட்டில் பார்த்தீர்கள்.

உடனே ஆள் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? மருத்துவரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

அண்ணன் சவரிராயன் பெயரால் உறுதி சொல்கிறேன். பந்தயம் தொடரும். அவர் வைத்த சொல்லும் மாறாது. ஆனால் வாரேன் என்று சொன்னவர் வராவிட்டால், அந்த இடத்திலேயே எல்லா வண்டியும் நிற்கும். ஒவ்வொருவர் பக்கத்து வீட்டு நம்பரும் எங்களிடம் இருக்கும். ஒருவர் போய்க் கதவைத் தட்டிய பிறகுதான் மறுபடி ஓட்டுவோம்.

நம் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்லிக் கிளம்ப மாட்டோம், வாரேன் என்றுதான் சொல்வோம். துக்கத்துக்கு வந்தவர்கள் மட்டும் அதையும் சொல்லாமல் போகவேண்டும், நானும் அப்படியே இறங்குகிறேன். ஆனால் அக்கா, அவர் உதவிக்குக் கூப்பிட்டாரா, விடைபெற்றாரா, எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டுத்தான் போனார். நாங்கள்தான் புரியாமல் வழி விட்டோம்.