மறதியக்கா

துணி தைப்பவளிடம் பெண்கள் இடுப்பளவைத் தவிர வேறெதிலும் பொய் சொல்வதில்லை. அதனால் ஊர் யாரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் முன்னதாகவே தெரிந்துவிடும்.

என் நாத்தனார் நகராட்சித் தேர்தலில் நின்றாள். புருஷன் போனபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். எதிரே நின்றவர் டார்ச் அண்ணன். எப்போதோ கரண்டு போன தெருவில் டார்ச்சோடு வந்தாராம், அவ்வளவுதான். அந்தப் பேர் அவருக்கு முன்னால் நடந்துபோய் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிவிடும். நாத்தனாருக்கு அப்படி ஒரு பேர் இல்லை. நான் வைத்தேன்.

கடையில் இரண்டு பெண்கள் இருந்தபோது, பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொன்னேன்: "நம்ம மறதியக்கா சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு வீடெல்லாம் தேடுறா." விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாயில் குண்டூசி இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

அந்த வாரமே பேர் சந்தைக்குப் போய்விட்டது. டார்ச் அண்ணனின் ஆட்கள் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, "மறதியக்காவுக்கு ஓட்டுப் போட மறந்துடுங்க" என்று கத்திக்கொண்டு போனார்கள். நாத்தனாரும் சிரித்தாள். "யாரு அண்ணி இந்தப் பேர வச்சது? கையில கெடைக்கட்டும், இருக்கு அவளுக்கு" என்றாள். நான் அவளுக்குச் சூடாகக் காபி போட்டுக் கொடுத்தேன்.

அவள் ஊருக்குக் கேட்டது ஒன்றுதான். தரையில் இருக்கும் தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றுக்கும் பூட்டு வைத்த மூடி. அவள் மகன் எங்கள் பின்கட்டுத் தொட்டியில் விழுந்துதான் போனான். நாலு வயது. என்னை அத்தை என்று சொல்ல வராமல் அச்சை என்பான். மூடியைத் திறந்து போட்டது அவள்தான் என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது, பிறகு பாவம் பார்த்து விட்டுவிட்டது.

கடைசிக் கூட்டத்தில் அவள் வாய் திறக்குமுன் ஒருவன் எழுந்து, "அன்னிக்கி மூடிய மறந்தது யாரு, மறதியக்கா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவள் மைக்கை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

தோற்றாள். அது போகட்டும்.

சாவிக் கதையை நான் சொன்னதற்கு முந்தின நாள், அவள் என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, இப்பத்தான் எனக்கு நல்லா ஞாபகம் வருது. நான் மூடிட்டுத்தான் போனேன். மேல வாளியக்கூட கவுத்து வச்சேன். மேடையில சொல்லிடப் போறேன். அப்புறம் தொறந்தது யாருன்னு ஊரே தேடட்டும்."

மறதிக்காரியின் ஞாபகத்தை யார் நம்புவார்கள்? உண்மையில் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடியது நான்.

பையன் போன அன்று துணி நனைக்க நான்தான் அந்த வாளியை எடுத்தேன். மூடியைத் தள்ளித் திறந்தேன். வாசலில் அளவு கொடுக்க வந்தவர்கள் கூப்பிட்டார்கள், போனேன்.

இப்போது அவளே சொல்கிறாள். "நாந்தான் மறந்திருக்கேன் அண்ணி. ஊரே பொய் சொல்லுமா?" நான் அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறேன். அவள் அழும்போது பக்கத்தில் இருப்பவள் நான் ஒருத்திதான். நானும் இல்லாமல் போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.