ஜீப்புல பதினோரு நிமிஷம்

இல்லைங்க சார், நீங்க விசாரிக்க வந்திருக்கற புகார எழுதினது நான்தான். மொட்டைக் கடுதாசியெல்லாம் இல்ல. கீழ பேரு போட்டு, கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன். மூணு பக்கம். அந்தச் சேர் வேண்டாம் சார், அதுக்கு ஒரு கால் கட்டை. இதுல உக்காருங்க.

இந்த ரூம்லதான் நாங்க அஞ்சு பேரும் கூடுறது. போலீஸ்காரங்க மேல ஜனங்க கொடுக்கற புகார, போலீஸ் இல்லாத நாங்க உக்காந்து விசாரிக்கறது. நான் வந்து ஆறு வருஷம் ஆச்சு. எண்பத்தெட்டு விசாரணை. ஒண்ணுக்குக்கூட லேட்டா வந்ததில்ல. அந்தம்மாவா? பதினாலு மாசம். ஆமா, நர்ஸம்மாதான். அவங்க மேலதான் எழுதிக் கொடுத்தேன்.

பொறாமையா? என்ன சார், வந்ததும் வராததுமா இப்படிக் கேட்டா எப்படி? நான் எட்டாங் கிளாஸ் படிச்சவன். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாப் போயி கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தேன். ஆளுங்க மூஞ்சியப் பாத்துப் பேச எனக்கு வராது. மீட்டரப் பாப்பேன், எழுதுவேன், வந்துடுவேன். ஒரு வீட்டுலயும் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. இன்னிக்குத் தண்ணி குடிச்சா நாளைக்கு, அண்ணே ரீடிங்கக் கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னு வருவான். இப்ப இந்தக் குழு சார்பா ஸ்டேஷனுக்குச் சோதனைக்குப் போறப்பவும் அதே பழக்கம்தான். என் தண்ணி பாட்டில் என்கூட வரும். அவங்க டீ ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. போலீஸ்காரங்க எனக்கு வெச்சிருக்கற பேரே பாட்டில்தான். பாட்டில் வருதுடான்னு ஒருத்தன் சொல்லுவான், நாலு பேரு சிரிப்பான். காதுல விழாத மாதிரி எண்ணிக்கிட்டே போவேன். லாக்கப்ல எத்தன பேரு, நோட்டுல எத்தன பேருன்னு.

இந்தம்மா வந்தாங்க. பிரசவ வார்டுல முப்பத்தாறு வருஷமாம். ஊர்ல பாதிப் பேரு அவங்க கையிலதான் பொறந்தாங்களாம். விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னால, புகார் கொடுத்தவங்கள, புகாருக்கு ஆளானவங்கள முன்னாலயே தெரியுமான்னு நாங்க ஒவ்வொருத்தரும் சொல்லணும். அது விதி. நாங்க தெரியாதும்போம். இந்தம்மா, தெரியுமே, பொறக்கறப்ப இவன் காலு முன்னால வந்தவனாச்சேம்பாங்க. அடிபட்டவனும் சிரிப்பான், அடிச்சவனும் சிரிப்பான். இது என்ன கல்யாண வீடா சார்? நானும் ஒரு தடவ சிரிச்சுட்டேன். அதுக்கு அன்னிக்கெல்லாம் என்மேலயே எனக்குக் கோவம்.

கேளுங்க. மூணு மாசத்துக்கு முன்னால ஒரு தள்ளுவண்டிக்காரர் வந்தாரு. ஸ்டேஷன்ல வெச்சு முதுகுல அடிச்சுட்டாங்கன்னு அவரு தங்கச்சி எழுதிக் கொடுத்த புகார். அந்த மனுஷன் என்னடான்னா, படியில வழுக்கி விழுந்துட்டேங்க, அவ்வளவுதாங்கறாரு. நான் விடல. எத்தனாவது படி, எந்தக் காலு, எத்தன மணி? நாப்பத்து மூணு கேள்வி கேட்டேன் சார். நாப்பத்து மூணுக்கும் பொய்யாவே பதில் சொன்னாரு. நர்ஸம்மா எந்திரிச்சுப் போயி அவரு பக்கத்துல உக்காந்தாங்க. இன்னும் வலிக்குதாப்பான்னாங்க. அவ்வளவுதான். அந்த ஆளு சட்டையக் கழட்டிட்டாரு. கழட்டிட்டுக் குழந்தையாட்டம் அழுதாரு. அடிச்சது ஜீப் டிரைவர்னு அப்பதான் வாயத் தொறந்து சொன்னாரு.

முதுகப் பாத்தேன் சார். பாத்தும் எனக்கு வலிச்சது முதுகு இல்ல. நாப்பத்து மூணுக்கு வராதது அவங்க ஒத்தக் கேள்விக்கு வந்துச்சேன்னு வயிறு எரிஞ்சுது. சரி, நீங்க கேட்ட வார்த்தையே இருக்கட்டும். பொறாமைதான்.

அப்புறம் தலைவர் தேர்தல் நடந்துச்சு. பழைய தலைவர் உடம்பு முடியலன்னு பதவிய மட்டும் விட்டுட்டு, மெம்பரா இருந்துக்கிட்டாரு. அஞ்சு ஓட்டு. மூணு அவங்களுக்கு, ரெண்டு எனக்கு. ரெண்டுல ஒண்ணு நான் போட்டுக்கிட்டது. இன்னொண்ணு? அந்தம்மா போட்டது சார். அனுபவம் அவருக்குத்தானே ஜாஸ்தின்னு மத்தவங்ககிட்டயும் சொன்னாங்களாம். தோத்ததக்கூடப் பொறுத்துக்குவேன், இதத்தான் தாங்க முடியல.

சரி சரி, ஜீப்புக்கு வர்றேன். விதி பன்னெண்டு. குழுவுல இருக்கறவங்க சொந்தக் காரியத்துக்குப் போலீஸ் வண்டியில ஏறக் கூடாது. ஏறினாங்க. ஓட்டினது யாரு? அதே டிரைவர். போன மாசம் இருபத்தஞ்சாந் தேதி, சாயங்காலம் நாலு பன்னெண்டுக்குக் கடைத்தெருவுல ஏறி, நாலு இருபத்து மூணுக்குப் பெரியாஸ்பத்திரியில இறங்கியிருக்காங்க. ஸ்டேஷனுக்குப் போயி வண்டி நோட்டப் பாத்துட்டுத்தான் எழுதினேன். பதினோரு நிமிஷம். அந்தத் தள்ளுவண்டிக்காரர் ரோட்டுல நின்னு பாத்திருந்தா என்ன நெனப்பாரு? நம்ம முதுகத் தடவிக் கொடுத்த அம்மா, நம்மள அடிச்சவன் வண்டியில போகுதேன்னு நெனக்க மாட்டாரா? நான் சொல்றது தப்பா சார்?

ஆமா, அவங்க அத மறைக்கல. அவங்களே மறுநாள் கூட்டத்துல சொன்னாங்க. ஜீப்ல போனேன், அதனால தள்ளுவண்டிக்காரர் விசாரணையிலேருந்து மட்டும் நான் விலகிக்கறேன்னு எழுதியும் கொடுத்துட்டாங்க. விதிப்படி அது போதும்தான். போதாதுன்னு நான் சொல்லல. குழுவ விட்டே எடுக்கணும்னுதான் எழுதினேன். எடுத்தா தலைவரா யாரு வருவாங்கன்னு கேக்கறீங்க. மூத்தவன் நான்தானே.

எதுக்கு ஏறினாங்கன்னு எழுதல, ஆமா. கூட்டத்துலயும் அவங்க அதச் சொல்லல. யாரோ ஒருத்தருக்கு அவசரம்னாங்க, முடிச்சுட்டாங்க. சொல்லியிருக்கலாம். சொல்லாம விட்டாங்க பாருங்க, அதுவும் எனக்காகத்தான்.

கடைத்தெருவுல ஒரு பொம்பள பையோட மயங்கி விழுந்துட்டா. ஆம்புலன்ஸ் வர முக்கா மணி ஆகும்னாங்களாம். அந்தப் பக்கமா வந்த ஜீப்ப இந்தம்மா குறுக்க நின்னு மறிச்சிருக்காங்க. ஓட்டறது யாருன்னு தெரிஞ்சேதான் மறிச்சிருக்காங்க. பின்சீட்டுல படுக்க வெச்சு, தலைய மடியில வெச்சுக்கிட்டு, நெஞ்சத் தேச்சுக்கிட்டே போயிருக்காங்க. அஞ்சு நிமிஷம் தாமதிச்சிருந்தா ஆளு இல்லன்னாரு டாக்டர்.

என் வீட்டுக்காரி சார் அது.

எட்டு தடவ எனக்குப் போன் பண்ணியிருக்காங்க. நான் இங்க தனியா உக்காந்து, தள்ளுவண்டிக்காரர் ஃபைல்ல தேதி சரிபாத்துக்கிட்டிருந்தேன். செல்போன அணைச்சு வெச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தப்ப மணி ஆறே கால். அவ கண்ண முழிச்சு என்னப் பாத்தா. நாப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம் சார். என்னப் பாத்துட்டு, நர்ஸம்மா கைய இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.