தந்தையுள்ள ஆண் தேனீ

வெந்நீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் அவர்களே. மேடையில் பேசி வாழ்பவனுக்குத் தொண்டைதான் உடைமை. குளிர்ந்த நீர் அதற்கு ஆகாது. என் சொற்களை எழுதிக்கொள்ளத் தமிழறிந்த ஒருவரை வரவழைத்திருக்கிறீர்கள். அதற்கும் நன்றி. அவர் கை வலிக்காதபடி நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் செம்பியன். பெண்ணடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று நான் முழங்காத தெருமுனை தாராவியில் இல்லை. இறந்துபோன பாகீரதி என் மனைவி, மாட்டுங்காவில் ஒரு குமாஸ்தாவின் மகள், விலங்கியல் படித்தவள். தாலியும் புரோகிதரும் இன்றி அவளை மணந்தேன். கணவனைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமையை மணமேடையிலேயே அவளுக்கு வழங்கினேன். வழங்கியவன் நான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செம்பூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திய அவள், டிராம்பே மலைச்சரிவில் பெட்டிகள் வைத்துத் தேனீக்களை ஆராய்ந்தாள். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். நான் அதை மேடைக்குக் கொண்டுபோனேன். ஆண் தேனீக்குத் தந்தை இல்லை, ஆணா பெண்ணா எனத் தீர்ப்பவள் தாய், இயற்கையே பெண்ணின் கையில் செங்கோலைக் கொடுத்துவிட்டது என்பேன். அந்த இடத்தில் கைதட்டல் ஒருநாளும் தவறியதில்லை.

சென்ற ஆண்டு, அறுபத்தாறில், தாராவியில் ஒரு கூட்டம். பேச்சு முடிந்ததும் கேட்போர் சீட்டெழுதிக் கேள்வி அனுப்புவது எங்கள் வழக்கம். 'தந்தையுள்ள ஆண் தேனீ உண்டா?' என்று ஒரு சீட்டு வந்தது. இல்லை என்றேன். பெண்கள் வரிசையிலிருந்து பாகீரதி எழுந்தாள்.

"உண்டு, செம்பியன். நேத்திக்கே சொல்லணும்னு இருந்தேன். நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு கையை ஆட்டிண்டிருந்தேள், தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

கூட்டம் சிரித்தது. அவள் விளக்கினாள். தேனீயின் பாலைத் தீர்மானிக்கும் காரணி பல வகைப்படும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து வேறொன்றும் சேர்ந்தால் பெண். கருவுறாத முட்டையில் தாய் தந்த ஒன்றே இருப்பதால் ஆண். ராணி தன் உடன்பிறந்த ஆணோடு கூடினாலோ, ஒரே வகை இரட்டையாக வந்து சேரலாம். இரண்டிருந்தும் வேறுபாடில்லை, ஆகவே அதுவும் ஆண். தந்தையுள்ள ஆண். முட்டையிலிருந்து புழுவாக வெளிவந்ததுமே வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தின்றுவிடும். அடையில் அந்த அறை வெறுமையாக நிற்கும். அயல்நாட்டு ஆய்விதழில் படித்த இந்தச் செய்தியைத் தன் பெட்டிகளில் தேடி, அத்தகைய வெற்றறைகளை அவள் கண்டிருந்தாள்.

ஏன் தின்கின்றன என்று ஒருவர் கேட்டார்.

"அதால கூட்டுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஊட்டி வளத்து அப்புறம் கழிக்கறதைவிட, முதல்லயே கழிச்ச கூடுதான் தலைமுறை தலைமுறையா பிழைச்சு வந்திருக்கும்போல இருக்கு. நிச்சயமா சொல்ல இன்னும் தெரியாது. ஆனா தேனீயைப் பாத்து மனுஷாளுக்குச் சட்டம் போடாதீங்கோ."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, எதிர்க்கட்சிய வீட்டுக்குள்ளயேல்லா வச்சிருக்கிய" என்று கத்தினார் மிட்டாய்ப் பட்டறை ஷாகுல் ஹமீது. மறுபடி சிரிப்பு, பிறகு கைதட்டல். அது எப்போது ஓயும் என்று காத்து நின்றேன்.

பொறாமை என்று எழுத உங்கள் பேனா விரும்பும். வேண்டாம். அதன்பின் சுவரொட்டிகளில் அவள் பெயர் மேலே போனது. என் பெயர் 'தலைமை' என்ற சொல்லருகே சிறியதாய் நின்றது. சுனாபட்டித் தோழர் ஒருவர் வீடு தேடி வந்து, "அக்கா தேதி குடுப்பாங்களா?" என்று என்னிடமே கேட்டார். மழையில் அவளுக்குக் குடை பிடித்தேன். என் கவலை இயக்கத்தைப் பற்றியது. 'போல இருக்கு' என்பதற்கும் 'இன்னும் தெரியாது' என்பதற்கும் மக்கள் கைதட்டப் பழகிவிட்டால், ஓர் இயக்கம் எதைக் கொண்டு முழங்கும்?

ஒருநாள் அவள் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது. மூச்சு அடைத்துப் பிழைத்தாள். இனிக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து, முகவலையின்றிப் பெட்டியைத் திறக்காதே, ஊசிமருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள் என்றார் மருத்துவர். வாழைப்பழம் தின்ற கையோடு அவள் பெட்டியருகே போகவும் மாட்டாள். கொட்டுகிற தேனீ மற்றவற்றைச் சண்டைக்கு அழைக்க ஒரு வாசனை விடும். அது பழுத்த வாழைப்பழ வாசனை. இதையும் எனக்குச் சொன்னவள் அவள்தான்.

ஷாகுல் ஹமீதிடம் வாழைப்பழ எசன்ஸ் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, பேச்சுல சரக்கு தீந்து மிட்டாய் யாவாரத்துக்கு வாறியளா? இந்தாங்க, ஏக் நம்பர் மால், அசல் சரக்கு. துணில பட்டா லேசுல போவாது, பாத்துக்கிடுங்க."

மாட்டுங்கா மண்டபத்தில் கூட்டம். பெட்டியைத் திறந்து, வெற்றறைகள் உள்ள அடையை மக்களுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. அவள் முகவலையை எடுத்தாள்.

"நம்ம மேடையில முகத்த மூடின பொம்பளையா? ஊரு என்ன சொல்லும்?" என்றேன்.

யோசித்தாள். பிறகு சிரித்தாள். "அதுவும் சரிதான். இதுகள் சாது, பதறாம எடுத்தா ஒண்ணும் பண்ணாது." கைப்பையை என்னிடம் கொடுத்தாள்.

சிறப்புப் பேச்சாளருக்குக் கைத்தறித் துண்டு அணிவிப்பது எங்கள் மேடை மரபு. அவள் அடையை வெளியே தூக்கிய பின், தலைவர் என்ற முறையில் நான் துண்டை விரித்து அவள் தோளில் போட்டேன். கைதட்டல் எழுந்தது.

"செம்பியன், வாழைப்பழ வாசனை வரதே" என்றாள் மெல்ல.

"வாசல்ல வாழத்தார் கட்டியிருக்காங்க."

அவள் என்னைப் பார்த்தாள். துண்டை எடுத்து எறிந்திருக்கலாம். ஆனால் போர்த்திய துண்டை மேடையிலேயே கழற்றுவது போர்த்தியவரை அவமதிப்பது. இன்னொரு முறை அத்தனை பேர் முன்னால் என்னைச் சிறுமைப்படுத்த அவள் விரும்பவில்லை. துண்டு அவள் தோளிலேயே இருந்தது.

அதன்பின் நடந்ததை மண்டபமே பார்த்தது. அவளைத் தூக்கியவர்களில் ஷாகுல் ஹமீதும் ஒருவர். தன் சரக்கின் வாசனை அவருக்குத் தெரியாதா? துண்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது சரியான செயலே. நானும் செய்ய வேண்டியதையே செய்தேன். கூட்டுக்கு உதவாததை வளருமுன் கழித்தேன். வேலைக்காரத் தேனீயை யாரும் பொறாமைக்காரி என்று சொல்வதில்லை.

அவள் விழுந்தபோது கூட்டம் எழுந்து முண்டியது. கைப்பை என் நாற்காலிக்கடியில் இருந்தது. நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். அமருங்கள், அமைதி காருங்கள் என்றேன். அறிவுப்பணியில் பெண்ணின் தியாகம் பற்றியும் சில சொற்கள் சொன்னேன். குரல் நன்றாக அமைந்தது. அவளை நோக்கி ஓடிவந்தவர்கள்கூட நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்கள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேசி முடிக்கும்வரை, பெண்கள் வரிசையிலிருந்து அன்று ஒருவரும் எழுந்து மறுக்கவில்லை.