சூடாயிருந்த இன்ஜின்

விடியற்காலை மூன்றரை மணி. படகுத் துறைக்குப் போகும் சாலையில் ஈ, காக்கை இல்லை. என் நண்பனின் மாமா டார்ச்சோடு தனியாக நடந்து போகிறார்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

மாமா மீன்பிடிப் படகின் டிரைவர். ஆட்கள் வருவதற்குள் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டும். முன்பு அது அவருடைய அண்ணனின் வேலை. ஸ்டார்ட் செய்ததும் அண்ணன் ஆயில் பிரஷரைப் பார்ப்பார். பின்பக்கம் குனிந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் புகைக்குழாய் வழியாக வெளியே வருகிறதா என்று பார்ப்பார். ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிடுவார். அதற்குமேல் சும்மா ஓடினால் கரி பிடிக்கும் என்று, கியர் போட்டு மெல்லக் கிளப்புவார்.

மாமாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு நாள், படகிலிருந்த அண்ணன் தடுத்தும் கேட்காமல், சில்லென்றிருந்த இன்ஜினை எடுத்த எடுப்பில் முழு வேகத்துக்கு முறுக்கினார். முகத்துவாரத்தில், அலைக்கு நடுவே, அது இறுகி நின்றது. படகு குறுக்கே திரும்பியது. அண்ணன் கடலில் விழுந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய இரண்டு மாதமானது. மறுபடி கடலுக்குப் போக வேண்டிய முதல் நாள், அந்த மூன்றரை மணிக்கு... மாமா படகில் இறங்கி இன்ஜின்மேல் கை வைத்தார். சூடாக இருந்தது! சாவியோ அவர் சட்டைப்பையில். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கே போய், இருட்டில் சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

டக்.

க்ர்ர்ர்... இன்ஜின் தானாக உயிர் பெற்றது. எரியாத டீசல் நாற்றம். பின்பக்கம் தண்ணீர்... சளப்... சளப்... மாமாவால் அசைய முடியவில்லை. ஐந்து நிமிடம். பின்னாலிருந்து ஈரக் காலடி ஒவ்வொன்றாக நெருங்கியது. அவர் முதுகில் ஓர் உள்ளங்கை பதிந்தது. ஐஸ் மாதிரி. இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அழுத்தி...

"அவசரப்படாதடா தம்பி... நீ இன்னும் சூடாகல."

மாமா எப்படிக் கரைக்குக் குதித்தார் என்று அவருக்கே தெரியாது. அன்றோடு படகை விட்டார். ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் மறுபடி படகுத் துறைப் பக்கம் போய்விடக் கூடாதென்று, இரவில் அத்தை கதவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

ஒரு மாதம் கழித்து, படகின் புது டிரைவர் பட்டறைக்கு வந்தான். சிரித்தான்.

"என்னண்ணே, வேலைய விட்டாலும் படகை விட மாட்டேங்கறீங்க? தினமும் எனக்கு முன்னாடியே வந்து இன்ஜினைச் சூடாக்கி வெச்சுடறீங்க!"

மாமா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "நான்... நான் அந்தப் பக்கமே வரலப்பா."

"சும்மா இருங்கண்ணே. கரையிலேர்ந்தே பாக்கறேனே. படகுக்குப் பின்னாடி குனிஞ்சு, ரெண்டு பேரும் தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க. ஒருத்தர் நீங்க. ஆமா... உங்க தோள்ல கை போட்டுக்கிட்டு, சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கறாரே, அவரு யாருண்ணே?"