இடது ஓரம்

ஆசை ஆசையாக வாங்கிய பொருள் சரியில்லை என்று தெரியும்போது மனசு சப்பென்று ஆகிவிடும். உங்களுக்கும் எப்போதாவது அப்படி ஆகியிருக்கும் சார்.

எனக்கு அது ஒரு லென்ஸில். பக்கவாட்டில் ரொம்ப அகலமான படம் எடுக்கிற ஃபிலிம் கேமராவுக்கென்றே செய்தது. அப்பா விட்டுப்போன மனையை விற்று வாங்கினேன். முதல் சுருளைக் கழுவிப் பார்த்தால் நடுவில் பிரமாதம், இடது ஓரம் மட்டும் மங்கல். இன்னும் ஐந்து சுருள் எடுத்தேன். எல்லாவற்றிலும் அதே கதைதான்.

அதை வாங்கச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. கேமரா பழுதுபார்க்கிறவன், கைராசிக்காரன். அவனிடமே கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, கடையில் நாலு பேர் நிற்கும்போது திருப்பித் தந்தான்.

"மாமா, லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. முதல்ல உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க."

கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் படத்தின் இடது ஓரத்து மரத்தைக் காட்டினேன். "இலை இலையாத் தெரியுதேங்க" என்றாள். தம்பியை விட்டுக்கொடுப்பாளா?

அவனைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கைவிட்ட கல்குவாரிக்கு அழைத்துப் போனேன். "இடது ஓரத்துல நீ நில்லு. உன் முகம் தெளிவா வந்தா நான் வாயே திறக்கல" என்றேன். சந்தோஷமாக வந்தான். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"என்னையே பாரு. திரும்பாத. இன்னும் ஒரு எட்டு பின்னால போ."

"போதுமா மாமா?"

"இன்னும் ஒண்ணு."

அவன் என்னை நம்பினான். அதனால்தான் அது சுலபமாக இருந்தது. நான்காவது எட்டில் கால் வழுக்கியது. முழுக்க விழவில்லை, பாறை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "மாமா, கையைக் குடுங்க" என்றான். என்னிடமிருந்து எட்டடி தூரம்தான். ஓடினால் பிடித்திருக்கலாம்.

நான் ஃபிலிமை நகர்த்தினேன். தூரத்தைச் சரிசெய்து, அந்த விரல்களுக்குக் குவியம் வைத்து எடுத்தேன். அவசரப்படவில்லை. மூன்று முறை கூப்பிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை.

தவறி விழுந்தான் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினீர்கள். நகக்கண்ணில் மண் ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது என்றீர்கள். அவன் அக்காவும் அதையே சொல்லித்தான் மயங்கி விழுந்தாளாம். எனக்கு அந்த இடத்தில் புகை மாதிரிதான் தெரிகிறது. நீங்களும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், பரவாயில்லை. லென்ஸை மட்டும் வேலை தெரிந்த வேறு ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள் சார்.