ஈஸ்டருக்கு ஒரு ஸ்கோர்டால்

அந்த ஈஸ்டருக்கு மலைக் குடிலில் இருந்தவர்கள் நாங்கள் நால்வர்: ஹால்வார்ட் ஸ்கோர்டாலாகிய நான், என் மகன் ஐவின்ட், மருமகள் தூர்டிஸ், எங்கள் பதிப்பாசிரியர் ராண்டி. ராண்டி ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். அந்த வருடம் ஆரஞ்சு நல்ல இனிப்பு.

நீங்கள் போலீஸ்காரர் என்றாலும் நார்வேக்காரர். ஈஸ்டர் விடுமுறையில் மலையேறி, அடுப்பருகே கால் நீட்டி, யாராவது கொலையாகும் கதையைப் படிக்காமல் நமக்குப் பண்டிகை முடிவதில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்தக் கதையை முதலில் என் அப்பா எழுதினார். பிறகு நான். என் கை நடுங்கத் தொடங்கியதும் ஐவின்ட். என் தாயை அடக்கம் செய்த அன்று காலையிலும் அப்பா இரண்டு பக்கம் எழுதிவிட்டுத்தான் கறுப்புக் கோட்டை மாட்டினார். அப்படிப்பட்ட வீடு இது.

கல்யாணத்துக்குப் பிறகு ஐவின்ட் எழுதவில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன், மகிழ்ச்சியாக இருந்தான். நேரம் கழித்து எழுந்தான். ரொட்டி சுட்டு, அதைப் படமெடுத்து எனக்கே அனுப்பினான். எழுத்து தடைபட்டவர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்கு என் செலவில் அனுப்பிவைத்தேன். மூச்சுவிடக் கற்றுக்கொண்டு திரும்பினான். இரண்டு ஈஸ்டர் ஸ்கோர்டால் நாவல் இல்லாமல் போயின. கடைகளில் எங்கள் இடத்தில் கம்பளிப் பின்னல் புத்தகம் அடுக்கியிருந்தார்கள்.

அடுத்த வருடமும் நாவல் வராவிட்டால் அந்த இடத்தை கொலைக்கதை எழுதும் ஸ்தவாங்கர் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ராண்டி மரியாதையாகவே சொன்னார். பல் மருத்துவர். நான் ஐவின்டைப் பார்த்தேன்.

"அப்பா, எனக்கு இப்ப யாரையும் கொல்லணும்னே தோணலப்பா," என்றான், ஆரஞ்சை உரித்துக்கொண்டே.

"நம்ம வீட்ல தோணட்டும்னு யாரும் காத்துக்கிட்டு இருந்ததில்ல."

தூர்டிஸ் சிரித்தாள். "விடுங்க மாமா. வருஷத்துக்கு ஒரு பொணம் விழலன்னா உங்க குடும்பத்துக்குச் சாப்பாடு இறங்காதா?"

நல்ல பெண். பெர்கன்காரி, வாய்த்துடுக்கு அதிகம். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஐவின்ட் எழுதியதிலேயே சிறந்த நாவல், அவன் அம்மா இறந்த குளிர்காலத்தில் எழுதியது. அவள் நோயில் போனாள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. அதன் பலனை மட்டும் மனதில் வைத்திருந்தேன்.

எங்கள் ஏரி உறைந்ததும் சறுக்குப் பாதைக்குப் பிர்ச் மரக் குச்சிகளை நட்டு வழி காட்டுவது என் பொறுப்பு. குச்சி நட்ட வழியில் போனால் பனிக்கட்டி தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓடை வந்து விழும் மூலையில் அது தாங்காது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். தூர்டிஸின் ஊரான பெர்கனில் மழைதான், ஏரி உறைவதில்லை. அவள் தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னே எழுந்து, எதிர்க்கரைக்குச் சறுக்கிப் போய்ப் பால் வாங்கி வருவாள். அந்தப் பேச்சுக்கு மறுநாள் அவளுக்கும் முன்னே நான் எழுந்தேன். குச்சிகளை ஓடைப் பக்கமாக மாற்றி நட்டேன். அவள் போன பிறகு பழைய இடத்திலேயே திரும்ப நட்டேன். மற்ற வீட்டுக் குழந்தைகள் போகும் வழி அது. நான் பொறுப்பற்றவன் இல்லை.

மூடுபனியில் வழி தவறி ஓடை மூலையில் மூழ்கிவிட்டாள் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நானும் துக்கம் காத்தேன். அடக்கம் முடிந்த வாரமே ஐவின்ட் எழுத உட்கார்ந்தான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதும் காலத்தில் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமும் இல்லை. சாப்பாட்டை அறை வாசலில் வைத்தேன், தொடாமல் வைத்திருந்தான். வேலை நன்றாக நடக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

நாவல் அடுத்த ஈஸ்டருக்கு முன்பே கடைக்கு வந்தது. அதில் ஒரு முதியவர் மருமகளைக் கொல்ல, ஏரியில் நட்ட குச்சிகளை இடம் மாற்றுகிறார். ஓடைப் பக்கம் நட்டுப் பிடுங்கிய குழிகளைப் பனியால் மூட மறந்துவிடுகிறார். தேடப் போன கணவன் அந்தக் குழிகளைப் பார்க்கிறான். உண்மைதான், மறந்துவிட்டேன். என் நாவல்களில் எந்தக் கொலைகாரனும் இவ்வளவு கவனக்குறைவாக இருந்ததில்லை. அதைப் படித்தபோது கூசிப்போனேன். ஆனால் பத்திரிகைகள் எல்லாம் ஒரே குரலில் பாராட்டின. பல் மருத்துவரைப் பற்றி யாரும் பேசவில்லை. நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது முதல் பதிப்பு. காபிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

ஆமாம், தூர்டிஸைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். மகன் என்னை வெறுக்கிறான் என்று பள்ளத்தாக்கு முழுவதும் பேசுகிறார்கள். தவறு. தூர்டிஸ் முதல் அத்தியாயத்தோடு போய்விடுகிறாள். மீதிப் புத்தகம் முழுவதும் என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான்.